மழலைச் செவிக்கு ஏற்ற நூல்கள்

முன்னுரை

குழந்தைக்கு எழுத்தறிவிக்கும் கடமையைப் பள்ளி ஏற்றுக்கொள்கிறது. ஆனால் எழுத்தறியுமுன்னரே குழந்தை சொல்லறிகிறது. தொட்டிலை விட்டு இறங்கும் நாளுக்கும் பள்ளிக்குப் புறப்படும் நாளுக்கும் இடைப்பட்ட மூன்று நான்கு ஆண்டுகளில் அது கேட்கும் சொற்களே, பின்னாளில் அது படிக்கப்போகும் நூல்களுக்கு விதைநெல்லாக அமைகின்றன. அவ்விதைநெல்லைத் தரும் வழிகளுள் எளியதும் செலவு குறைந்ததும், பெரியவர் ஒருவர் நூலைக் கையிலெடுத்து வாய்விட்டுப் படிக்கக் குழந்தை அருகிருந்து கேட்பதாகும்.

எந்த நூலைப் படிப்பது என்று எண்ணும் பெற்றோருக்கு முதலில் நினைவில் எழுவது, தாம் சிறுவயதில் விரும்பிய நூலே. இஃது இயல்பானது. எனினும் அவ்விருப்பம் ஒன்றே போதிய அளவுகோலாகுமா, வேறு அளவுகோல்களும் வேண்டுமா என்னும் வினா எழுகிறது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் சூழலை முன்வைத்து இவ்வினாவிற்கு விடை காண முற்படுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓதலும் கேட்டலும்

தமிழில் 'ஓதுதல்' என்னும் சொல் கண்ணால் மட்டும் படிப்பதைக் குறிப்பதன்று. குரலெழுப்பிப் படிப்பதைக் குறிப்பது. திருக்குர்ஆனை முஸ்லிம்கள் ஓதுகின்றனர். தேவாரம் பாடுவோரை ஓதுவார் என்கின்றனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு அருளப்பெற்ற இறைச்செய்தியின் முதற்சொல்லும் 'ஓதுக' எனப் பொருள்படுவதே. அவ்வாறே பழந்தமிழ் மாணாக்கர் பாடம் 'படித்தனர்' என்பதினும் பாடம் 'கேட்டனர்' என்பதே மரபு. திருவள்ளுவர் கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்னும் 42-ஆம் அதிகாரத்தை வைத்தார். கல்லாதவனும் கேட்க வேண்டும் என்பது ஆண்டு அவர் வற்புறுத்தும் கருத்து. எழுத்தறியாச் சிறு குழந்தையும் இன்னும் கல்லாதவரே. ஆகவே கேள்வியே அதற்குரிய முதற்கல்வி எனலாம்.

மேலைநாட்டார் இவ்வுண்மையை ஆராய்ச்சி வழியே கண்டனர். அமெரிக்காவில் 1985-ஆம் ஆண்டில் வெளியான படிப்பாராய்ச்சிக் குழுவொன்றின் அறிக்கை, குழந்தைகள் பின்னாளில் நன்கு படிப்பதற்கு அடித்தளமிடும் செயல்களுள் தலையாயது அவர்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுவதே என்று முடிவு கூறியது. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 1992-ஆம் ஆண்டில் கைக்குழந்தை உள்ள 300 குடும்பங்களுக்கு நூல்கள் வழங்கும் திட்டம் ஒன்று தொடங்கப்பெற்று, பின்னர் நாடு முழுதும் பரவியது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமோ 2014-ஆம் ஆண்டில், பிறந்த நாள்முதலே குழந்தைக்குப் படித்துக் காட்டுமாறு பெற்றோர்க்கு மருத்துவர் அறிவுரை கூற வேண்டும் என்றது. தடுப்பூசி போடும் மருத்துவரே நூலையும் பரிந்துரைக்கும் அளவிற்கு இஃது இன்றியமையாததாயிற்று.

இம்மண் தரும் சான்று

செவிவழிக் கல்விக்குச் சான்று தேடி நாம் கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை. தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையர் (1855-1942) தம் இளமைக்காலத்தின் ஒரு பகுதியைக் கழித்தது இவ்விரு மாவட்டங்களின் ஊர்களிலேயாகும். அரியலூரில் சடகோப ஐயங்காரிடம் அவர் பாடங்கேட்டார். பின்னர்க் குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடமும், பெரம்பலூரை அடுத்த செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் கேட்டார். தந்தையாரோ ஊர்தோறும் இசையோடு இராமாயணம் சொல்லியவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்வதற்கு முன்னரே தமிழோசை அவர் செவியில் நிறைந்திருந்தது. ஏட்டுச் சுவடிகளில் சிதைந்து கிடந்த அடிகளைப் பிற்காலத்தில் அவர் செப்பம் செய்ததற்குப் புலமையோடு, இளமையிற் பழகிய செவியும் துணை நின்றிருக்கும் எனக் கருத இடமுண்டு.

இரண்டாவது சான்று, அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சி. இத்தாலி நாட்டில் 1680-ஆம் ஆண்டில் பிறந்து தமிழகம் வந்த வீரமாமுனிவர் இவ்வூரில் அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பி, ஊருக்குத் திருக்காவலூர் எனப் பெயரிட்டு, திருக்காவலூர்க் கலம்பகமும் பாடினார். அவர் உருது பயின்று வந்து உரையாடியதைக் கண்டு வியந்த சந்தா சாகிப், தூய துறவி எனப் பொருள்படும் 'இஸ்மத் சன்னியாசி' என்னும் பட்டத்தை அளித்தார் என்பர்.

வாய்விட்டுப் படிப்போர் அவருக்கு இருவகையிற் கடன்பட்டுள்ளனர். முதலாவது எழுத்துச் சீர்திருத்தம். எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளியிடுவது பழைய மரபு. ஓலையில் புள்ளி விடுபட்டால் 'கொடு' என்பதும் 'கோடு' என்பதும் ஒன்றுபோலவே தோன்றும். நெடிலுக்கு வேறு வடிவம் தந்து அவர் இம்மயக்கத்தை நீக்கினார். இன்று தாய் ஒருத்தி தயங்காமல் ஒரு வரியைப் படித்துச் செல்ல இஃது உதவுகின்றது. இரண்டாவது கொடை 'பரமார்த்த குருவின் கதை'. தமிழ் உரைநடையில் எழுந்த முதல் நகைச்சுவைக் கதைநூல் எனப் போற்றப்பெறும் இந்நூல், 1822-ஆம் ஆண்டில் பாபிங்டன் என்பவரால் ஆங்கில மொழிபெயர்ப்போடு இலண்டனில் அச்சிடப்பெற்றது.

இன்றைய நிலை

இத்தகைய மண்ணில் இன்றைய குழந்தையின் செவிக்குள் செல்வது யாது? மூன்றாம் வயதில் மழலையர் பள்ளிக்குச் செல்லும் குழந்தை, மழையைப் போகச் சொல்லும் ஆங்கிலப் பாட்டைப் பாடுகிறது. மானாவாரியில் மக்காச்சோளமும் பருத்தியும் விதைத்துவிட்டு வானம் பார்த்திருக்கும் பெரம்பலூர் உழவரின் வீட்டிலும் அப்பாட்டே ஒலிக்கிறது. அழுதால் கையில் அலைபேசி தரப்படுகிறது. தமிழ்ப் புத்தகம் என்பது மதிப்பெண்ணுக்குரிய பாடநூலாகவே அதற்கு முதலில் அறிமுகமாகிறது.

இதன் விளைவைக் கல்லூரியிலும் காண்கிறோம். முதலாண்டு வகுப்பில் ஒரு செய்யுளை வாய்விட்டுப் படிக்கச் சொன்னால், சீர் பிரிக்கவும் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தவும் இயலாது திகைக்கும் மாணாக்கர் பலர். அவர்கள் அறிவிற் குறைந்தவரல்லர். தமிழ் நூலொன்றைப் பிறர் படிக்கக் கேட்டு வளரும் வாய்ப்புப் பெறாதவர். ஓசையைச் செவி அறியாதபோது கண் மட்டும் என் செய்யும்?

தேர்வுக்குரிய அளவுகோல்கள்

முதலாவது, படிப்பவரின் விருப்பம். தாம் விரும்பாத நூலைக் கடமைக்காகப் படிக்கும் குரலைக் குழந்தை எளிதில் இனங்கண்டுகொள்ளும். இளமையில் நாம் சுவைத்த நூலைப் படிக்கும்போது குரலில் தானாகவே ஏற்ற இறக்கம் பிறக்கும். அடுத்து வருவதை அறிந்த மகிழ்ச்சி முகத்தில் தோன்றும். ஆதலின் பெற்றோர் தம் இளமை நூல்களிலிருந்து தொடங்குவது முற்றிலும் பொருந்தும்.

இரண்டாவது, ஓசை. நூலை வாங்குமுன் ஒரு பக்கத்தைத் தமக்குத் தாமே வாய்விட்டுப் படித்துப் பார்த்தல் வேண்டும். மூச்சு முட்டும் நெடிய வாக்கியங்கள் குழந்தைக்கு ஆகா. மாஸ்கோவில் தமிழிலேயே அச்சாகி, 1991-ஆம் ஆண்டில் சோவியத் ஒன்றியம் கலையும்வரை குறைந்த விலைக்குக் கிடைத்த சிறுவர் நூல்களை இன்றைய பெற்றோர் பலர் பெரிதும் நினைவுகூர்வர். அவற்றின் படங்கள் ஈடற்றவை. எனினும் மொழிபெயர்ப்பு நடை சிற்சில இடங்களில் நாவுக்கு இடறும். அங்கெல்லாம் ஒரு வாக்கியத்தை இரண்டாக்கிப் படித்தல் தகும். ஓசையில் குறைவற்றவை குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் (1922-1989) பாடல்கள். இந்தியன் வங்கியிற் பணியாற்றிக்கொண்டே குழந்தைகளுக்காக எழுதிய அவர், 1950-ஆம் ஆண்டில் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தோற்றுவித்தார். எளிய சொல்லும் இயைபும் கொண்ட அவர் பாடல்களை இருமுறை கேட்ட குழந்தை மூன்றாம் முறை உடன்பாடத் தொடங்கிவிடும்.

மூன்றாவது, மீண்டும் வரும் தொடர். ஒரே சொற்றொடர் திரும்பத் திரும்ப வரும் கதைகளில் குழந்தை அத்தொடர் வரும் இடத்திற்காகக் காத்திருக்கும்; வந்ததும் தானும் சேர்ந்து கூவும். முதலிற் கேட்போராக இருந்த குழந்தை அப்போது கதை சொல்வோருள் ஒருவராகிறது. ஒரே கதையை நாள்தோறும் கேட்டு அடம்பிடிப்பதும் இதனாலேயே. பெரியவருக்கு அது சலிப்பாயினும் குழந்தைக்கு அது பயிற்சி.

நான்காவது, வினா. இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தில் மசலா என்பது வினாவிடையாக அமையும் நூல்வகை. வண்ணப்பரிமளப் புலவர் 1572-ஆம் ஆண்டில் இயற்றிய ஆயிரம் மசலா இவ்வகையிற் சிறந்தது. கேட்போர் வினவ, சொல்வோர் விடையளித்து அறிவு வளர்க்கும் இம்முறை குழந்தைக்கு மிகவும் ஏற்றது. 1947-ஆம் ஆண்டில் தொடங்கிப் பல்லாண்டுகள் வெளிவந்து பின்னர் நின்றுபோன அம்புலிமாமா இதழில், விக்கிரமாதித்தனிடம் வேதாளம் ஒவ்வொரு கதையின் முடிவிலும் ஒரு வினா எழுப்பும். அவ்வினாவிற்கு விடை சொல்லப் பிள்ளைகள் போட்டியிட்டனர். நூலை மூடியபின் பெரியவர் பாடம் நடத்தாமல், "நீயாயிருந்தால் என்ன செய்திருப்பாய்?" என்று ஒரு வினா கேட்டாலே போதும்.

விருப்பமும் தெளிவும்: பரமார்த்த குரு

இளமையில் விரும்பிய நூல்கள் அனைத்தும் இன்று அப்படியே படிக்கத்தக்கன அல்ல. இதற்குப் பரமார்த்த குருவின் கதையையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஆறு உறங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையால் சோதிப்பதும், ஆற்றைக் கடந்தபின் ஒவ்வொருவரும் தம்மை விட்டுவிட்டு எண்ணி ஒருவரைக் காணோம் என்று அழுவதும், பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்குவதும் ஐந்து வயதுக் குழந்தையைச் சிரிப்பில் ஆழ்த்துவன. அண்மையில்தான் எண்ணக் கற்ற குழந்தைக்கு, எண்ணத் தெரியாத பெரியவர்களைக் காண்பதில் ஓர் இறுமாப்பும் உண்டு. 'உன்னை எண்ணவில்லையே!' என்று அது கூவும். வாய்விட்டுப் படிப்பதற்கு இதனினும் ஏற்ற பகுதி அரிது.

ஆயினும் சீடர் ஐவருள் ஒருவன் பெயர் மிலேச்சன். ஏனைய நால்வரான மட்டி, மடையன், பேதை, மூடன் என்போரின் பெயர்கள் அறியாமையைக் குறிக்க, இப்பெயரோ வேற்றுநாட்டாரையும் வேற்றுச் சமயத்தாரையும் இழித்துரைக்க வழங்கிய சொல். சொற்பொருள் அறியாக் குழந்தை அதனைக் கேட்டுச் சிரித்துப் பழகிவிட்டால், பின்னர் அச்சொல் அதன் வாயிலிருந்து எவர் மீது விழும் என்று சொல்ல இயலாது. மற்றொன்று, குருவும் சீடரும் நகைப்புக்குள்ளாகும் கதை இது. எந்தச் சமயத்துப் பெரியாரையும் எள்ளும் கருவியாக இதனை ஆக்கிவிடாமல் படிப்பதும் பெரியவரின் பொறுப்பு.

அதற்காக நூலையே ஒதுக்கிவிடலாமா? வேண்டுவதில்லை. வாய்விட்டுப் படிப்பவருக்கு அச்சிட்ட ஏட்டிற்கு இல்லாத ஓர் உரிமை உண்டு. அச்சீடனுக்கு 'மந்தி' என்றோ 'மண்டு' என்றோ பெயர் மாற்றினால் கதைக்கு ஊறு நேராது. மூல நூலை ஆராயும் கல்லூரி மாணவருக்கு உள்ள சொல் உள்ளவாறே வேண்டும். மழலைச் செவிக்கு அவ்வாறு வேண்டுவதில்லை. நிறத்தைப் பழிக்கும் கதைகள், உடற்குறையைச் சிரிப்பாக்கும் கதைகள், மாற்றாந்தாய் என்றாலே கொடியவள் எனக் காட்டும் கதைகள், ஒரு குலத்தாரை மட்டும் அறிவிலிகளாக்கும் கதைகள் ஆகியவற்றையும் இவ்வாறே சலித்தெடுத்தல் வேண்டும். கேட்கும் குழந்தைகளுள் எவரேனும் ஒருவர் அக்கதையால் தலைகுனிய நேருமாயின், அக்கதையை விடுத்து வேறொன்றை எடுத்தலே நன்று.

பிணை நின்ற பெருமை

நெறியுணர்த்தும் கதையைத் தேடுவோர்க்கு உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் ஓர் அரிய பகுதி உண்டு. வேடன் வலையிற் சிக்கிய பெண்மான், தன் கன்றுக்குப் பாலூட்டித் திரும்பி வர விடை வேண்டுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதற்காகப் பிணை நிற்கின்றார்கள். மான் சொன்ன சொல் தவறாமல் திரும்பி வருகிறது. வேடன் மனம் மாறுகிறான்.

5,027 விருத்தங்களைக் கொண்ட அப்பெருங்காப்பியத்தைக் குழந்தைக்கு நேரே படிக்க இயலாது. ஆனால் இப்பகுதியை எளிய உரைநடையில் எழுதிவைத்துப் படித்தால், மான் திரும்புமா திரும்பாதா என்று குழந்தை மூச்சடக்கிக் கேட்கும். 'பிணை' என்னும் சொல்லுக்குப் பெண்மான் என்றும் பொருள். பொறுப்பேற்றல் என்றும் பொருள். இவ்விரு பொருளும் ஒரு கதையிற் கூடுவதைப் பின்னாளில் அறியும் மாணவன், தான் மடியிலிருந்து கேட்ட நாளை நினைந்து மகிழ்வான். 'வாக்குத் தவறாதே' என்று தனியே கூற வேண்டுவதில்லை. அதனை மானே கூறிவிடுகிறது.

நம் பிள்ளைகளுக்கு நம் சமயக் கதைகள் மட்டும் போதும் என்று கருதும் பெரியோர்க்கு ஒன்றைச் சுட்டுதல் தகும். பஞ்சதந்திரக் கதைகள் 6-ஆம் நூற்றாண்டில் பாரசீகம் சென்று, 8-ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ என்பவரால் 'கலீலா வ திம்னா' என்னும் பெயரில் அரபியில் ஆக்கப்பெற்றன. பக்தாதில் வளர்ந்த குழந்தையும் அரியலூரில் வளரும் குழந்தையும் ஒரே சிங்கத்தின் கதையையே கேட்டு வளர்கின்றனர். அவ்வாறே முல்லா நஸ்ருத்தீன் கதைகள் துருக்கியிலிருந்து தமிழ்நாடுவரை எல்லாச் சமயத்துப் பிள்ளைகளையும் சிரிக்க வைக்கின்றன. நல்ல கதைக்கு வேலி இல்லை.

பருவத்திற்கேற்ற வரிசை

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்தனர். நபிகள் நாயகத்தின் மீது பிள்ளைத்தமிழ் பாடிய முஸ்லிம் புலவர்களும் அம்மரபைப் போற்றினர். தாலப் பருவத்திற்கு உரியது அம்புலிப் பருவத்திற்கு ஆகாது என்னும் அறிவு நூல் தேர்விற்கும் வேண்டும்.

மூன்று வயதுவரை தாலாட்டும், சிறு பாடல்களும், பக்கத்திற்கு ஓரிரு வரிகளே உள்ள படநூல்களும் ஏற்றவை. மூன்றிலிருந்து ஐந்துவரை, பஞ்சதந்திரம் போன்ற விலங்குக் கதைகளும் தொடர் மீண்டுவரும் கதைகளும் ஏற்றவை. ஐந்திலிருந்து ஏழுவரை பரமார்த்த குரு, முல்லா, தெனாலிராமன், மரியாதைராமன், பிணைமான் ஆகிய கதைகளைப் படிக்கலாம். ஏழு வயதிற்கு மேல் வேதாளக் கதைகளையும், வாண்டுமாமாவின் நெடுங்கதைகளையும், சிந்துபாத்தின் கடற்பயணங்களையும் இரவுக்கு ஒரு பகுதியாகப் படிக்கலாம். தானே படிக்கத் தெரிந்த பின்னும் பிள்ளைக்குப் படித்துக் காட்டுவதை நிறுத்த வேண்டுவதில்லை.

அறிவியல் நூல்களையும் இவ்வரிசையிற் சேர்த்தல் வேண்டும். கடல்வாழ் உயிர்களைப் பற்றிப் படித்த மறுநாள், பிள்ளையைச் சாத்தனூர்க் கல்மரத்திற்கோ வாரணவாசியிலுள்ள புதைபடிம அருங்காட்சியகத்திற்கோ அழைத்துச் சென்று, நம் ஊர் ஒரு காலத்தில் கடலாயிருந்தது என்று சொன்னால், நூலிற் கண்டது மண்ணிலும் உண்டு என்பதை அது உணரும்.

படிப்பவர் யாவர்?

இவ்விரு மாவட்டங்களிலும் பல வீடுகளில் தந்தையர் பொருள்வயிற் பிரிந்தவர்கள். லப்பைக்குடிக்காடு, வி. களத்தூர் போன்ற ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்கும் பிற நாடுகளுக்கும் சென்றோர் பலர். சிமெண்ட் ஆலைகளில் இரவு முறையிற் பணிபுரிவோரும் உண்டு. தாய்மாரும் வயல் வேலையால் களைத்து வருகின்றனர். எனவே 'யார் படிப்பது?' என்னும் வினா புறந்தள்ளத்தக்கதன்று.

கடல் கடந்திருக்கும் அத்தா, அலைபேசி வழியே நாள்தோறும் நலம் வினவுகிறார். அவரிடமும் அந்நூலின் ஒரு படி இருக்குமாயின், நலம் வினவிய பின் இரண்டு பக்கம் படிக்கலாம். முகமறியாமல் வளரும் குழந்தைக்குத் தந்தையின் குரல் கதையோடு பதியும். எழுத்தறியாப் பாட்டிக்கு நூல் வேண்டுவதில்லை; அவர் நினைவே நூல். அவர் சொல்லும் கதையைப் பள்ளி செல்லும் பேத்தி எழுதிவைத்தால் தம்பிக்கு அது படிநூலாகும். நாளுக்குக் கால்மணி நேரம் போதும். இஷாத் தொழுகைக்குப் பின்னரோ இரவு உணவுக்குப் பின்னரோ, ஒரே நேரமாக அமைதல் நன்று.

செய்யத்தக்கன

விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொதுநூலகச் சட்டம் இயற்றியது 1948-ஆம் ஆண்டில் நம் மாநிலமே. நூலகத்தில் உறுப்பினராகச் சேர்ந்தால் நூல் வாங்கப் பொருளில்லை என்னும் குறை பெரிதும் தீரும். பெரம்பலூரிலும் அரியலூரிலும் அண்மைய ஆண்டுகளில் புத்தகத் திருவிழாக்கள் நடைபெற்று வருகின்றன. பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என நான்கு படிநிலைகளில் சிறு நூல்களை வெளியிட்டுள்ளது. நேஷனல் புக் டிரஸ்டின் சிறுவர் நூல்களும் குறைந்த விலையிற் கிடைப்பன.

மாணவர்கள் தம் ஊர் அங்கன்வாடியிலோ மக்தப் மதரஸாவிலோ வாரம் ஒரு மணி நேரம் கதை படிக்க முன்வரலாம். அதனால் அவர்கள் நாவும் திருந்தும். ஜமாஅத்துப் பெரியோர் பள்ளிவாசலை ஒட்டிய அறையொன்றில் சிறுவர்க்கென ஓர் அடுக்கு நூல்களை வைக்கலாம். திருமண, பெயர்சூட்டு விழாக்களில் கொடுக்கும் அன்பளிப்போடு ஒரு படநூலும் சேரலாம். இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டுவதில்லை.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், குழந்தைக்குப் படிக்கும் நூலைப் பெரியவரின் விருப்பம் தொடங்கிவைக்க, ஓசையும் மீள்வரவும் வினாவும் உறுதிசெய்ய, எவரையும் இழிவுபடுத்தாமை சலித்தெடுக்க வேண்டும் என்பது புலனாகும். அவ்வாறு தேர்ந்த நூல் பத்தே ஆயினும் போதும். திரும்பத் திரும்பக் கேட்ட பத்து நூல்கள், அலமாரியிற் பூட்டிய நூறு நூல்களினும் மேலானவை. செவியில் தமிழ் ஏறிய குழந்தை கண்ணாலும் தமிழைத் தேடி வரும். அக்குழந்தைகள் வளர்ந்து கல்லூரிக்கு வரும்போது, ஒரு செய்யுளைத் தயங்காமல் வாய்விட்டுப் படிப்பார்கள். அதற்கான தொடக்கம் இன்றிரவு நம் வீட்டுக் கூடத்தில் அமைவதாகுக.